பூமி தாங்குமா என்று கேட்டிருந்தீர்கள்

நீங்கள் கேட்டது இதுதான்: உலக மக்கள்தொகை 800 கோடியைத் தாண்டிவிட்டது, இன்னும் ஏறிக்கொண்டே இருக்கிறது, பூமி இதைத் தாங்குமா? இரண்டு குழந்தைக்கு மேல் பெற்றால் தண்டனை என்று சட்டம் போடுவதைத் தவிர வேறு வழி உண்டா? கடைசியில் இன்னொரு வரியும் சேர்த்திருந்தீர்கள். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது, இந்த நிலைமையில் ஒரு குழந்தை பெற்றுக்கொள்வதே தப்போ என்று உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் தோன்றுகிறது என்று. அந்த வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மனிதர்களின் எண்ணிக்கை முடிவில்லாமல் ஏறப்போவதில்லை. ஏற்றம் நிற்கும் காலம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வந்துவிட்டது. ஆனால் இன்று தண்ணீரையும் மண்ணையும் நிலக்கரியையும் பெட்ரோலையும் நாம் செலவழிக்கிற விதம் இப்படியே நெடுநாள் ஓடாது. 800 கோடிப் பேர் 500 கோடியாகக் குறைந்தாலும் ஓடாது. இந்த இரண்டு விஷயத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் கோபம் போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போகிறது.

நான் கணக்கு ஆசிரியராக இருந்தவன். ஆசிரியர்களுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலை வரும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1991ல் திருத்துறைப்பூண்டி பக்கத்தில் ஒரு கிராமத்தில் வீடு வீடாகப் போனேன். கல்யாணமான பெண்களிடம் கேட்க இரண்டு கேள்விகள் உண்டு: உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இப்போது உயிரோடு இருப்பவர்கள் எத்தனை. எழுபது வயதை நெருங்கிய ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார். நடுவில் ஒரு விரலை மடக்கிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "பொறந்தது ஒம்போது சார், நின்னது அஞ்சு" என்றார். அவருடைய மருமகளிடம் அதே கேள்வியைக் கேட்டேன். மூன்று பிறந்தது, மூன்றும் இருக்கிறது, ஆபரேஷன் பண்ணியாச்சு. 2011 கணக்கெடுப்புக்கும் அதே பக்கம் போனேன். அந்த வீட்டுப் பேத்தி நர்சிங் படித்துவிட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு பெண் குழந்தை.

அந்தத் திண்ணையில் நான் பார்த்ததுதான் உலகம் முழுக்க நடந்தது. 1960களில் உலகில் ஒரு பெண் சராசரியாக 5 குழந்தை பெற்றாள். ஐ.நா.வின் 2024 மதிப்பீட்டின்படி இன்று அது 2.3க்கும் கீழே. ஒரு தலைமுறை தன்னை ஈடுகட்டிக்கொள்ள 2.1 வேண்டும். உலக நாடுகளில் பாதிக்கு மேல் ஏற்கெனவே அதற்கும் கீழே இறங்கிவிட்டன. இந்தியாவின் சராசரி 2.0. மக்கள்தொகை வளரும் வேகம் 1960களில் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் இருந்தது. இப்போது 1 சதவீதத்துக்கும் குறைவு. 1974ல் 400 கோடி, 1987ல் 500, 1999ல் 600, 2011ல் 700, 2022 நவம்பரில் 800 என்று பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை 100 கோடி கூடிவந்தது. அடுத்த 100 கோடிக்குப் பதினைந்து வருடம் ஆகும், அதற்கடுத்ததற்கு இருபது வருடத்துக்கு மேல் ஆகும் என்கிறது ஐ.நா. 2080களின் நடுவில் 1,030 கோடி அளவில் உச்சம் தொட்டு, அப்புறம் மெல்ல இறங்கும் என்பது அவர்களுடைய இன்றைய கணிப்பு. இதைவிட முன்னாலேயே, இதைவிடக் குறைவான உச்சத்தில் நின்றுவிடும் என்று சொல்லும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. உலகத்தில் ஓராண்டில் பிறக்கிற குழந்தைகளின் எண்ணிக்கை 2012 வாக்கில், 14 கோடிக்கும் மேல், உச்சத்தைத் தொட்டுவிட்டது. அதற்குப் பிறகு குறைந்துகொண்டு வருகிறது. அந்த உச்சத்தை உலகம் மறுபடி எட்டாது என்றுதான் கணிப்புகள் சொல்கின்றன.

அப்படியென்றால் தொகை ஏன் இன்னும் ஏறுகிறது என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் கடைமடை, காவிரி வாய்க்கால் கடைசியாக வந்து சேருகிற இடம். மேட்டூரில் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள் என்று ரேடியோவில் செய்தி வந்த பிறகும் எங்கள் வாய்க்காலில் நாள் கணக்கில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும். ஏற்கெனவே கிளம்பிவிட்ட தண்ணீர் அது. மக்கள்தொகையும் அப்படித்தான். 1990லிருந்து 2012 வரை பிறந்த மிகப் பெரிய கூட்டம் இப்போதுதான் பெற்றோராகிற வயதுக்கு வந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு ஜோடியும் இரண்டே இரண்டு பெற்றாலும், ஜோடிகளின் எண்ணிக்கை அதிகம் என்பதால் பிறப்பு இறப்பைவிட அதிகமாகவே இருக்கும். அதோடு முதியவர்கள் முன்னைவிட நீண்ட காலம் வாழ்கிறார்கள். இதை எந்தச் சட்டத்தாலும் நிறுத்த முடியாது. பிறந்துவிட்டவர்கள் வாழத்தானே வேண்டும்?

சரி, பிறப்பு ஏன் குறைந்தது? அந்தப் பாட்டி மடக்கிய விரல்களில்தான் பாதிப் பதில் இருக்கிறது. 1950 வாக்கில் உலகில் பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று ஐந்து வயதைத் தாண்டவில்லை. 2022ல் அது நூற்றுக்கு நான்குக்கும் கீழே வந்துவிட்டது. எத்தனை நிற்கும் என்று தெரியாத காலத்தில் ஒன்பது பெறுவதில் ஒரு கணக்கு இருந்தது. "மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்" என்று சொன்னவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று இன்று நினைக்கிறோம். வைத்த கன்றில் பாதி பட்டுப்போகும் என்ற நிலையில் அவர்கள் வேறு எதைத்தான் நம்பியிருக்க முடியும்? தடுப்பூசி வந்தது, வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் வந்தது, பிரசவம் ஆஸ்பத்திரிக்கு மாறியது. பிறந்தவை நிற்க ஆரம்பித்தன. ஒரு தலைமுறைக்குள் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது.

மீதிப் பாதிப் பதில் பெண்களின் படிப்பு. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். பள்ளிக்கே போகாத இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 2.8 குழந்தைகள், பன்னிரண்டு வருடமோ அதற்கு மேலோ படித்தவர்களுக்கு 1.8. படித்த பெண் தாமதமாகக் கல்யாணம் செய்கிறாள், தன் உடம்பைப் பற்றிய பேச்சில் அவள் குரலும் எடுபடுகிறது. பெரியார் 1930களிலேயே கருத்தடையைப் பற்றிப் பேசியபோது, மற்றவர்கள் நாட்டின் பொருளாதாரத்துக்காகவும் பெண்ணின் உடல்நலத்துக்காகவும் அதைக் கேட்கிறார்கள், நாம் பெண்ணின் விடுதலைக்காகக் கேட்கிறோம் என்று வேறுபடுத்திச் சொன்னார். தொண்ணூறு வருடம் கழித்துப் புள்ளிவிவரங்களும் அவர் சொன்ன பக்கத்தில்தான் நிற்கின்றன. பெண்ணுக்கு முடிவெடுக்க இடம் கிடைத்த ஊர்களில் எல்லாம் எண்ணிக்கை தானாக இறங்கியிருக்கிறது.

தண்டனைச் சட்டம் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, அதற்கு வருகிறேன். இந்த நாடு அதைச் செய்து பார்த்துவிட்டது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77ல் மட்டும், 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை ஆபரேஷன்கள் நடந்தன. பெரும்பாலும் ஆண்களுக்கு. அரசு ஊழியர்களுக்கு இத்தனை பேரைப் பிடித்து வர வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். வட மாநிலங்களில் போலீஸ் கிராமங்களைச் சுற்றி வளைத்து ஆட்களைக் கூட்டிப்போனது. 1977 தேர்தலில் அந்த அரசு தோற்றதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம். குடும்பக் கட்டுப்பாடு என்ற பெயரையே குடும்ப நலம் என்று மாற்ற வேண்டியதாயிற்று. அந்த ஒரு வருடத்தின் காயம் இன்னும் ஆறவில்லை. ஆண்களுக்கான ஆபரேஷன் மிகச் சுலபமானது. ஆனால் அதே 2019-21 ஆய்வின்படி, கல்யாணமான தம்பதிகளில் அதை நம்பியிருப்பவர்கள் வெறும் 0.3 சதவீதம். பெண்களுக்கான ஆபரேஷன் 38 சதவீதம். ஆண்களை மிரட்டப்போய், மொத்தச் சுமையையும் பெண்கள் வயிற்றில் ஏற்றிவிட்டோம்.

சீனாவைக் காட்டுவார்கள். அங்கே ஒரு குழந்தைத் திட்டம் 1980 வாக்கில் நாடு முழுக்க அமலானது. அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளிலேயே ஒரு பெண்ணுக்கு ஆறை நெருங்கி இருந்த சராசரி மூன்றுக்கும் கீழே வந்துவிட்டது. தாமதமாகக் கல்யாணம், குழந்தைகளுக்கு நடுவே இடைவெளி, எண்ணிக்கையில் குறைவு என்ற பிரசாரத்தின் காலம் அது. அதிலும் அழுத்தம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் இறக்கத்தின் பெரும்பகுதி, ஒரு குழந்தைச் சட்டம் வருவதற்கு முன்னாலேயே முடிந்த கதை. சட்டம் கூடுதலாகக் கொண்டு வந்தவை கட்டாயக் கருக்கலைப்புகளும், பெண் சிசுக்கள் குறைந்துபோன ஒரு தலைமுறையும்.

இவற்றைவிட எனக்குப் பாடமாகத் தெரிவது ஈரான். 1979 புரட்சிக்குப் பிறகு அங்கே குடும்பக் கட்டுப்பாட்டைக் கைவிட்டார்கள். போர்க்காலத்தில் அதிகம் பிள்ளை பெறுவதைப் பெருமையாகப் பேசினார்கள். 1986 கணக்கெடுப்பில் தொகை 5 கோடியை ஒட்டி வந்தது, ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கு மேல் வளர்ச்சி. இத்தனை பேருக்குப் பள்ளிக்கூடமும் வேலையும் எங்கிருந்து வரும் என்று அரசே மலைத்துப்போய் 1989ல் கொள்கையைத் தலைகீழாக மாற்றியது. மதத் தலைவர்கள் கருத்தடைக்குத் தடையில்லை என்று அறிவித்தார்கள். கல்யாணப் பதிவுக்கு முன்னால் மணமக்கள் இருவரும் கருத்தடை வகுப்புக்குப் போய்வர வேண்டும் என்று ஆக்கினார்கள். கிராமத்துச் சுகாதார நிலையங்களில் அந்தந்த ஊர்ப் பெண்களே பயிற்சி பெற்று வேலை பார்த்தார்கள். மாத்திரை, ஆபரேஷன் எல்லாம் இலவசம். 1993ல் நான்காவது குழந்தைக்குச் சில சலுகைகளை நிறுத்தினார்கள், அதுதான் அதிகபட்சக் கண்டிப்பு. இதே காலத்தில் கிராமத்துப் பெண் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் பள்ளிக்கு வந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் ஆறுக்கு மேல் இருந்த சராசரி, இருபது வருடத்துக்குள் இரண்டுக்கு வந்தது. கதை அதோடு முடியவில்லை. இப்போது அங்கே அரசு பயந்துபோய், 2021ல் சட்டம் போட்டு இலவசக் கருத்தடையை நிறுத்தி, அதிகம் பெறச் சொல்கிறது. சராசரி இரண்டுக்கு மேல் திரும்பி வரவில்லை. படித்துவிட்ட பெண்ணிடம் எண்ணிக்கையை ஏற்றச் சொல்லி எந்த அரசாலும் ஆணையிட முடியாது.

அடுத்தது சோறு. இத்தனை பேருக்குச் சாப்பாடு கிடைக்குமா என்பது 1798ல் மால்தஸ் காலத்திலிருந்து வரும் கேள்வி. ஜனங்கள் பெருக்கல் கணக்கில் கூடுவார்கள், விளைச்சல் கூட்டல் கணக்கில்தான் கூடும் என்றார் அவர். 1968ல் அமெரிக்க உயிரியலாளர் பால் எர்லிக், 1970களில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் சாவார்கள், இந்தியா தப்பாது என்று எழுதினார். அவர் அப்படி எழுதியதற்குக் காரணம் இருந்தது. 1965லும் 66லும் தொடர்ந்து மழை பொய்த்தது, 1966ல் மட்டும் ஏறத்தாழ 1 கோடி டன் தானியம் கப்பலில் வந்தது. கப்பல் தாமதமானால் ரேஷன் நின்றுவிடும் என்ற நிலை. அந்த நேரத்தில் மத்திய உணவு அமைச்சராக இருந்தவர் நம் சி. சுப்பிரமணியம். மெக்சிகோவிலிருந்து குட்டைக் கோதுமை விதையை இறக்கும் முடிவை எதிர்ப்புகளை மீறி எடுத்தார், எம்.எஸ். சுவாமிநாதனும் அவருடைய சகாக்களும் வயலில் அதை நிரூபித்தார்கள். எங்கள் தஞ்சை வட்டாரத்தில் ஆடுதுறை 27ம், அதை அடுத்து ஐ.ஆர். எட்டும் பரவின. அந்த நெல்லைப் பற்றி எங்கள் அப்பா பேசினால் குரலே மாறிவிடும். இன்று அதே இந்தியா உலகிலேயே அதிகம் அரிசி ஏற்றுமதி செய்கிற நாடு.

உலகக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 280 கோடி டன் தானியம் விளைகிறது. 800 கோடிப் பேருக்கு வகுத்தால் தலைக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கைக்குழந்தையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். காய்கறி, பருப்பு, எண்ணெய், மீன் எல்லாம் இதில் சேரவில்லை. ஒரு கிலோ தானியத்தை ஒரு மனிதன் ஒரு நாளில் சாப்பிடவே முடியாது. ஆனாலும் 2023ல் 70 கோடிக்கும் மேற்பட்டோர் அரை வயிற்றோடு இருந்தார்கள். தானியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாட்டுக்கும் பன்றிக்கும் கோழிக்கும் தீவனமாகப் போகிறது. அமெரிக்கா தன் மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காருக்கு ஊற்றும் எத்தனாலாக மாற்றுகிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்குப்படி 2022ல் வீடுகளிலும் கடைகளிலும் ஓட்டல்களிலும் வீணான உணவு 100 கோடி டன்னுக்கு மேல். பசிக்குக் காரணம் விளைச்சல் போதாமை என்று இன்று யாரும் சொல்ல முடியாது. பெரும் பஞ்சங்கள் இப்போது போர் நடக்கிற இடங்களில்தான் வருகின்றன.

இதைப் படித்துவிட்டு அப்பாடா என்று இருந்துவிடக் கூடாது. அந்த விளைச்சலுக்கு நாம் கொடுத்த விலை இருக்கிறதே, என்னைத் தூங்கவிடாதது அதுதான். காற்றிலிருக்கும் நைட்ரஜனை உரமாக மாற்றும் வித்தையை 1909ல் ஃபிரிட்ஸ் ஹாபர் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலையாக்கினார். இன்று உலகில் ஏறத்தாழ பாதிப் பேர் அந்த உரத்தால் விளைந்ததைச் சாப்பிட்டுத்தான் உயிரோடு இருக்கிறார்கள். அந்த உரத்துக்கு மூலம் பெரும்பாலும் இயற்கை எரிவாயு. வயலில் போடுகிற நைட்ரஜனில் பாதிக்கு மேல் பயிருக்குப் போய்ச் சேருவதே இல்லை. ஆற்றிலும் நிலத்தடி நீரிலும் காற்றிலும் கலக்கிறது.

நிலத்தடி நீர் இன்னும் மோசம். உலகத்தில் பூமிக்கடியிலிருந்து எடுக்கும் தண்ணீரில் கால் பங்கை இந்தியா ஒன்றே எடுக்கிறது. என் தாத்தா ஏற்றம் இறைத்த கிணறு முப்பது அடி. கோவைப் பக்கம் இன்று ஆயிரம் அடிக்குக் கீழே போர் போடுகிறார்கள். பஞ்சாபில் இலவச மின்சாரத்தில் மோட்டார் ஓடி, மழை குறைந்த நிலத்தில் நெல் விளைகிறது. அந்த நெல்லை நாம் ஏற்றுமதி செய்கிறோம். இப்படி நடப்பதற்குப் பஞ்சாபியர் அதிகம் பிள்ளை பெற்றது காரணம் இல்லை. அவர்களுடைய சராசரி 1.6தான். என்ன விலைக்கு எதைக் கொள்முதல் செய்வது, மின்சாரத்தை எப்படிக் கொடுப்பது என்று நாம் எடுத்த முடிவுகள்தான் காரணம். அவற்றை மாற்ற நூறு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை.

எண்ணிக்கை பெரிய விஷயமே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சில இடங்களில் அது கழுத்தைப் பிடிக்கிறது. எகிப்தைப் பாருங்கள். வரைபடத்தில் பெரிய நாடு. ஆனால் மக்கள் வாழ்வது நைல் ஓரத்திலும் கழிமுகத்திலுமாக மொத்தப் பரப்பில் இருபதில் ஒரு பங்கில். மழை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. 1959ல் சூடானோடு போட்ட ஒப்பந்தப்படி எகிப்தின் பங்கு ஆண்டுக்கு 5,550 கோடி கன மீட்டர். அப்போது அங்கே இருந்தவர்கள் இரண்டரைக் கோடிக்குச் சற்று மேல். தலைக்கு 2,100 கன மீட்டர் அளவில் வந்தது. 2020 பிப்ரவரியில் தொகை 10 கோடியைத் தொட்டது, இப்போது அதையும் தாண்டிவிட்டது. அதே தண்ணீரை வகுத்தால் தலைக்கு 520 பக்கம்தான். 1,000க்குக் கீழே போனாலே தண்ணீர்ப் பஞ்ச நாடு என்று கணக்கு. 500 என்பது கடும் பஞ்சம். இதற்கு நடுவே, குடும்பம் பெருகப் பெருக வீடு கட்டுவதும் அந்தக் கழிமுகத்து வண்டல் மண்ணில்தான்.

எகிப்து எப்படித் தாக்குப்பிடிக்கிறது? கோதுமையை வாங்குகிறது. ஆண்டுக்கு 1 கோடி டன் அளவில் இறக்குமதி செய்து, உலகில் அதிகம் கோதுமை வாங்கும் நாடுகளின் வரிசையில் முன்னால் நிற்கிறது. ஒரு டன் கோதுமை விளைய ஆயிரம் கன மீட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். அப்படிப் பார்த்தால் அவர்கள் கப்பலில் இறக்குவது, நைலில் கிடைக்கும் பங்கில் ஐந்தில் ஒரு பங்குத் தண்ணீரை. அந்தக் கோதுமை வரும் கருங்கடல் பக்கம் 2022ல் ரஷ்யா-உக்ரைன் போர் மூண்டபோது எகிப்தின் தலைநகர் கெய்ரோவில் ரொட்டி விலை பேச்சானது அதனால்தான். அங்கே ரொட்டிக்கு ஐஷ் என்று பெயர், உயிர்வாழ்வு என்றே பொருள். 1977ல் மானியத்தைக் குறைத்தபோது ஊரே பற்றி எரிந்து, சில நாளில் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கும் மேல் ஐந்து பியாஸ்டராகவே (அந்த ஊர்ச் சில்லறைக் காசு) இருந்த மானிய ரொட்டியின் விலையை 2024ல்தான் இருபதாக்கத் துணிந்தார்கள். ஆற்றின் மேற்பகுதியில் எத்தியோப்பியா இருக்கிறது. நைல் தண்ணீரில் பெரும்பகுதி கிளம்புவது அங்கிருந்து. 1959 ஒப்பந்தத்தில் அதற்கு இடமே இல்லை. இன்று 13 கோடிப் பேர் வாழும் அந்த நாடு நீல நைலில் பெரிய அணை கட்டி முடித்துவிட்டது. கடைமடைக்காரனான எனக்கு, அணை மேலே இருக்கிறவன் கையில் இருக்கும்போது கீழே இருக்கிறவனுக்கு வயிறு எப்படிக் கலங்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

எகிப்தில் "இரண்டு போதும்" என்று அரசு பிரசாரம் செய்கிறது. 2014ல் 3.5 ஆக இருந்த சராசரி 2021ல் 2.9 பக்கம் வந்திருக்கிறது. இன்னும் வேகமாக இறங்கினால் அந்த மக்களுக்கு நிச்சயம் நல்லது. நைஜர் நாட்டில் நிலைமை இன்னும் கடினம். நைஜீரியா இல்லை, அதற்கு வடக்கே இருக்கும் பாலைவன நாடு. ஒரு பெண்ணுக்கு ஆறு குழந்தை. நான்கில் மூன்று பெண்களுக்குப் பதினெட்டு வயதுக்கு முன்பே கல்யாணம் ஆகிவிடுகிறது. 1960ல் 35 லட்சத்தை ஒட்டி இருந்த தொகை இன்று இரண்டரைக் கோடிக்கு மேல். அங்கே ஒரு பெண் பத்தாம் வகுப்பு வரை படித்தாள் என்றால் அவள் வாழ்க்கையும் மாறும், அந்த மண்ணின் கதையும் மாறும். வளரும் நாடுகளில் 20 கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்று நினைத்தும், நம்பகமான கருத்தடை முறை எதையும் பயன்படுத்த முடியாத நிலையில் இருக்கிறார்கள். கேட்கிறவர்களுக்குக் கொடுப்பதற்கே பணம் ஒதுக்காத உலகம், வேண்டாதவர்களைத் தண்டிப்பதைப் பற்றிப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பூமி சூடாவதற்கும் இவர்கள்தான் காரணம் என்று சொன்னால் அது பெரிய அநியாயம். ஓர் அமெரிக்கர் சராசரியாக ஆண்டுக்கு 14 டன் அளவில் கார்பன் டை ஆக்சைடு வெளியிடுகிறார். ஓர் இந்தியர் 2 டன். நைஜர்க்காரர் 0.1 டன் பக்கம். அங்கே ஆறு குழந்தையும் தாய் தகப்பனும் சேர்ந்து வெளியிடுவது, அமெரிக்காவில் ஒருவர் ஒரு மாதத்தில் வெளியிடுவதைவிடக் குறைவு. நம் நாட்டுக்குள்ளேயும் இதே கதைதான், ஏ.சி.யும் காரும் விமானப் பயணமும் உள்ள வீட்டில் ஒரே பிள்ளை இருக்கும், கூரை வீட்டில் மூன்று இருக்கும். அப்புறம் காலக்கணக்கு ஒன்று இருக்கிறது. வெப்பமாவதைக் கட்டுப்படுத்த 2050 வாக்கில் புகையை ஏறக்குறையப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். இன்று முதல் உலகில் ஒவ்வொரு பெண்ணும் சராசரியாக அரைக் குழந்தை குறைவாகப் பெற்றாலும், 2050ல் தொகை 970 கோடிக்குப் பதிலாக 900 கோடியை ஒட்டித்தான் நிற்கும். வாய்க்காலில் வந்துகொண்டிருக்கும் தண்ணீரின் கதைதான் இங்கேயும். ஆகவே 2050க்குள் ஆக வேண்டிய வேலை, மின்சாரத்தை எதில் தயாரிப்பது, எதில் பயணம் செய்வது, என்ன சாப்பிடுவது என்பதில்தான் நடந்தாக வேண்டும்.

மறுபக்கத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென் கொரியாவில் 2023ல் சராசரி 0.72. சீனாவின் தொகை 2022 முதல் சுருங்குகிறது. தமிழ்நாட்டில், பிறப்பு இறப்பைக் கணக்கிடும் மத்திய அரசின் 2020 மாதிரிப் பதிவுக் கணக்குப்படி 1.4. நம் ஊர்த் தொடக்கப்பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்துபோனதை என் கண்ணால் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றேன். தொகுதி மறுவரையறையில் மக்கள்தொகை குறைந்த மாநிலத்துக்கு நாடாளுமன்ற இடங்களும் குறையுமோ என்ற பயத்தில், அதிகம் பெற்றுக்கொள்ளுங்கள் என்று தலைவர்களே மேடையில் சொல்கிறார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அதற்கு விடை அரசமைப்புச் சட்டத்தில் தேட வேண்டியது. பெண்களின் கர்ப்பப்பையில் தேடக் கூடாது.

இனி உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் குழந்தை வேண்டாம் என்று சொந்தக் காரணத்தால் தோன்றினால், ஏன் என்று கேட்க எனக்கோ உங்கள் உறவினருக்கோ உரிமை இல்லை. ஆசை இருந்தும், பூமிக்குப் பாரமாகிவிடுமோ என்ற பயத்தால் மட்டும் தயங்கினால், அந்தப் பயத்துக்குக் கணக்கு துணை நிற்கவில்லை. சராசரி 1.4 ஆக இருக்கிற ஒரு மாநிலத்தில் ஒரு குழந்தையாலோ இரண்டு குழந்தையாலோ தொகை ஏறாது. அந்தக் குழந்தை முப்பது வயதில் எவ்வளவு புகை விடும் என்பதை, அதன் வீட்டுக்கு வரும் மின்சாரம் நிலக்கரியில் வருகிறதா ஆரல்வாய்மொழிக் காற்றாலையில் வருகிறதா என்பதுதான் பெருமளவு தீர்மானிக்கும். அதை மாற்ற உங்கள் ஓட்டும் உழைப்பும் வேண்டும்.

இன்னும் ஒன்றே ஒன்று. ஒன்று போதும், இரண்டு போதும் என்று நீங்கள் இருவரும் முடிவெடுக்கிற நாள் வந்தால், ஆபரேஷனுக்கு உங்கள் மனைவியை அனுப்பாதீர்கள், நீங்கள் போங்கள். ஆண்களுக்கான தழும்பில்லாக் கருத்தடை பதினைந்து இருபது நிமிட வேலை. மரத்துப்போக ஊசி போட்டுச் செய்வார்கள், அன்றைக்கே வீட்டுக்கு நடந்து வந்துவிடலாம். அரசு மருத்துவமனையில் இலவசம். தாம்பத்தியத்திலோ உடல் பலத்திலோ எந்தக் குறையும் வராது. மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து உறுதியாகும் வரை வேறு ஒரு முறையையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். அதை மட்டும் மறக்காதீர்கள்.